எல்லாம் அயிரைதானா? ஒத்த தோற்றமுள்ள தொட்டி லோச்சுகளைப் பிரித்தறிவது

பாளையங்கோட்டையிலிருந்து அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன் வண்ணமீன் கடை ஒன்றில் 'யோயோ லோச்' என்று சொல்லி விற்ற ஆறு குஞ்சுகளை அவர் வாங்கினார். இப்போது அவற்றில் நான்கின் உடலில் வலைப்பின்னல் போன்ற கோலம் தெரிகிறது. மற்ற இரண்டில் பொன்னிறத்தின் மேல் அகலமான கறுப்புப் பட்டைகள் இருக்கின்றன. 'குளி லோச்' என்று வாங்கிய ஐந்தில் ஒன்று மட்டும் தடித்து, பட்டைகளும் அகன்று காணப்படுகிறது. சேரன்மகாதேவிப் பக்கம் போயிருந்த அவருடைய மாமா கன்னடியன் கால்வாயில் பிடித்துக் கொண்டுவந்த அயிரைகள் சிலவும் அதே தொட்டியில்தான் கிடக்கின்றன. தொட்டியைப் பார்த்த அவருடைய அம்மா, "எல்லாம் அயிரைதானே, இதுக்கா இவ்வளவு ரூவா குடுத்தே?" என்று கேட்டிருக்கிறார். எது எந்த இனம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதே கேள்வி.

முதலில் அம்மாவின் பக்கம் பேசிவிடுகிறேன். கடைக்காரரைவிட அவர் சரியாகப் பார்த்திருக்கிறார். கடைக்காரர் பார்ப்பது வரியையும் புள்ளியையும். அம்மா பார்த்தது உடலின் அமைப்பை. கீழ்நோக்கிய வாய், அதைச் சுற்றிய குட்டி மீசைகள், வழவழப்பான உடல், தரையோடு ஒட்டிக் கிடக்கும் பழக்கம் ஆகியவற்றைக் கண்டு அவர் 'அயிரை' என்றார். தொட்டி வளர்ப்பில் 'லோச்' என்று சொல்லப்படுபவை எல்லாம் அயிரையின் உறவுகளே. நம் கால்வாய்களில் சாதாரணமாகக் கிடைக்கும் அயிரைக்கு லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்பது அறிவியல் பெயர். வாலன்சியன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1846-இல் அதை விவரித்தபோது அவருக்கு ஆதாரமாக இருந்தது திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீன். 'தெர்மாலிஸ்' என்ற பெயர் அந்த வெந்நீரிலிருந்து வந்தது. கன்னடியன் கால்வாயில் கிடக்கும் மீனுக்கு இலங்கை ஊற்றின் பெயர் ஒட்டிக்கொண்ட கதை இதுதான்.

ஆனால் உறவிலும் அண்மை, சேய்மை உண்டு. அயிரையும் குளி லோச்சும் கோபிட்டிடே என்ற ஒரே குடும்பத்தவை. பங்காளிகள் என்றே சொல்லலாம். யோயோவும் கோமாளி லோச்சும் போட்டியிடே என்ற வேறு குடும்பம். அயிரைக்கு அவை தூரத்துச் சொந்தம். மலை ஓடைகளில் கல்லிடுக்கில் வாழும் சிறு லோச்சுகள் நெமாகைலிடே என்ற மூன்றாவது குடும்பம். கோலத்தைப் பார்ப்பதற்கு முன் கையிலுள்ள மீன் இந்த மூன்றில் எங்கே சேர்கிறது என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இதற்கு மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

வால் துடுப்பு முதலாவது. யோயோ வகைகளுக்கு அது நன்றாகப் பிளந்து இரு மடலாக இருக்கும். அயிரைக்கும் குளிக்கும் அப்படிப் பிளவு இராது. இரண்டாவது, முதுகுத் துடுப்பு நிற்கும் இடம். அயிரைக்கு அது ஏறத்தாழ உடலின் நடுவில், வயிற்றுத் துடுப்புகளுக்கு நேர் மேலே இருக்கும். குளி லோச்சுக்கோ அது வயிற்றுத் துடுப்புகளையும் தாண்டி வெகுவாகப் பின்னுக்குத் தள்ளி, சிறியதாக நிற்கும். அந்த மீன் பாம்பு போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது, கண்ணுக்குக் கீழே உள்ள முள். அயிரைக்கும் குளிக்கும் யோயோவுக்கும் அங்கே ஒரு சிறிய முள் தோலுக்குள் மடங்கிக் கிடக்கும். அஞ்சினால் அதை விரித்துக்கொள்ளும். மலை ஓடை லோச்சுகளுக்கு அந்த முள் கிடையாது. உயிருள்ள மீனில் முள்ளைத் தேடி விரலால் அழுத்திப் பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் எடுத்த தெளிவான படத்தைப் பெரிதாக்கினால் கண்ணின் அடியில் சிறு கீற்று போல அது தென்படும். துணி வலையில் லோச்சைப் பிடிக்கும்போது நூலில் மாட்டிக்கொள்வதும் இந்த முள்தான். ஆகவே வலையை விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீரோடு முகந்து எடுப்பதே நல்லது.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் பொருந்தும். கால்வாயில் பிடித்த மீனோடு ஆரல் குஞ்சும் சில சமயம் கலந்து வரும். நீண்டு வளைந்த உடலைப் பார்த்து அதையும் குளி லோச் என்று எண்ணிவிடுவார்கள். ஆரலின் மூக்கு கூராக நீண்டிருக்கும். முதுகில் துடுப்புக்கு முன்னால் தனித்தனி முட்கள் வரிசையாக நிற்கும். வளர்ந்த ஆரல் சின்ன மீன்களைத் தின்னும். அதைத் தொட்டியில் விட்டுவிட்டு நாளுக்கு ஒரு கப்பி மீன் குறைகிறதே என்று யோசிக்கக் கூடாது.

இனி குளி லோச்சு. நம் கடைகளில் இந்தப் பெயரைச் சொல்லும்போது 'குளிப்பது' நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது ஹைன்ரிக் கூல் என்ற செருமானிய இயற்கையறிஞரின் பெயர். 1797-இல் பிறந்த அவர் சாவாத் தீவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது 1821-இல், 24 வயது நிறைவதற்கு முன்பே, நோயுற்று இறந்துபோனார். அவர் நினைவாகப் பெயர் பெற்ற பான்ஜியோ கூலி என்ற உண்மையான இனம் சாவாவுக்கு உரியது. வணிகத்தில் அது அரிது. அந்தப் பெயரில் நாம் வாங்குவது பெரும்பாலும் பான்ஜியோ செமிசிங்க்டா என்ற வேறு இனம். 'செமிசிங்க்டா' என்ற இலத்தீன் சொல்லுக்குப் பாதி இடைக்கச்சை கட்டியது என்று பொருள் கொள்ளலாம். அந்தப் பெயரே அடையாளத்தையும் சொல்லிவிடுகிறது: முதுகிலிருந்து இறங்கும் கரும்பட்டைகள் பக்கவாட்டில் குறுகி, வயிற்றை எட்டாமலே நின்றுவிடும், வயிறு வெளிறிய இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும்.

உங்களிடம் தடித்திருக்கும் அந்த ஒன்று, பான்ஜியோ மையர்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பட்டைகள் அகலமானவை, கீழே வயிறு வரை ஏறக்குறைய இறங்கிவிடும். இடையில் தெரியும் வெளிர்நிறப் பகுதி குறுகிய வளையங்களாக மட்டும் எஞ்சும். உடலும் சற்றுப் பருமனானது. ஆனால் முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். முட்டை நிறைந்த பெண் குளி எந்த இனமாக இருந்தாலும் தடித்துத் தோன்றும், சில சமயம் வயிற்றின் தோல் வழியே முட்டையின் பச்சை நிறமும் தெரியும். ஆகையால் பருமனை மட்டும் நம்பாமல் பட்டை எங்கே முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தொட்டியின் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு மீன் ஏறும் நேரமே அதைப் பார்ப்பதற்கு ஏற்ற நேரம். இந்த இரண்டு இனங்களும் ஒன்றாகவே சேர்ந்து வாழும், உணவும் ஒன்றே. எனவே இங்கே பெயர் தவறிப்போனாலும் மீனுக்குக் கெடுதல் இல்லை.

அயலூர் மீன் என்று நாம் நினைக்கும் இந்தப் பான்ஜியோ பேரினத்துக்குப் பக்கத்திலேயே உறவினர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கிணற்றிலிருந்து கிடைத்த நிலத்தடி மீன் ஒன்றை 2019-இல் பான்ஜியோ புஜியா என்று பெயரிட்டு விவரித்தார்கள். மெலிந்து சிவந்து நூல் போல இருந்ததால் வடநாட்டுத் தின்பண்டமான புஜியாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். நம்மூர்க்காரர்கள் பார்த்திருந்தால் ஓமப்பொடி என்று வைத்திருப்பார்கள்.

மிகுந்த குழப்பம் யோயோவில்தான். உங்கள் கேள்வியின் மையமும் அதுவே. யோயோ என்ற பெயர், இளம் மீனின் பக்கவாட்டுக் கோலத்தில் ஆங்கில 'ஒய்' எழுத்தும் 'ஓ' எழுத்தும் மாறி மாறித் தெரிவதால் வந்தது. இதைப் போட்டியா அல்மோரே என்றும் போட்டியா லோகச்சட்டா என்றும் அழைப்பார்கள். முதலாவது பெயர் உத்தராகண்டில் உள்ள அல்மோராவை ஒட்டி 1831-இல் வைக்கப்பட்டது. இரண்டாவது 1912-இல் வந்தது. இவை இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வீட்டுத் தொட்டிக்கு அந்த வழக்கு முக்கியம் இல்லை என்பது என் கருத்து. இரண்டும் ஏறத்தாழ 15 செ.மீ. வரை வளரும், குணமும் ஒன்றுபோலத்தான்.

நமக்கு முக்கியம் வேறொன்று: இந்தப் போட்டியா பேரினத்தில் குஞ்சின் கோலமும் வளர்ந்த மீனின் கோலமும் ஒன்றாக இருப்பதில்லை. யோயோ குஞ்சில் தனித்தனியாக நிற்கும் பட்டைகள் வளர வளரப் பிளந்து, கிளைத்து, ஒன்றோடொன்று இணைந்து வலையாகிவிடும். வரிக்குதிரை லோச் எனப்படும் போட்டியா ஸ்ட்ரையாட்டாவில் குஞ்சின் அகலப் பட்டைகள் பிரிந்து மெல்லிய சாய்கோடுகளாகப் பெருகும். போட்டியா குபோட்டாயில் இளமையில் பெரிதாகவும் சிலவாகவும் இருக்கும் வெளிர்ப் புள்ளிகள், வயதேற வயதேற உடைந்து சிறியனவாகவும் பலவாகவும் ஆகும். அதனால் இரண்டு அங்குலக் குஞ்சைப் பார்த்துக் கடையிலேயே பெயர் சொல்லிவிடுவது கடைக்காரருக்கும் எளிது இல்லை. கொளத்தூரிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வரும் பைகளில் பல இனக் குஞ்சுகள் கலந்தே வருவது உண்டு. அந்த அண்ணாச்சி உங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் நான்கு மீன்களில் வலைப்பின்னல் வந்துவிட்டதால் அவை யோயோ என்பதில் ஐயமில்லை. எஞ்சிய இரண்டுக்கு மூன்று பெயர்களை எண்ணிப் பார்க்கலாம். போட்டியா ஹிஸ்ட்ரியோனிகா முதலாவது, மியான்மரிலிருந்து வருவது. வெள்ளியும் பொன்னும் கலந்த உடலில் ஐந்து அளவில் அகலமான, அழுத்தமான கரும்பட்டைகள் நிற்கும்; பட்டைகளுக்கு இடையே வெறும் இடம் தாராளமாக இருக்கும். போட்டியா ரோஸ்ட்ராட்டா இரண்டாவது. அதன் பட்டைகள் நடுவே வெளிறி இரட்டைக் கோடுகளாகப் பிரிந்து ஏணிப்படி போலத் தோன்றும், மூக்கும் சற்று நீண்டது. மூன்றாவது போட்டியா டாரியோ. கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களின் மீன். மஞ்சள் உடலில் பட்டைகள் ஹிஸ்ட்ரியோனிகாவைவிட அதிக எண்ணிக்கையில், ஏழு எட்டு அளவில், சாய்ந்து நிற்கும். நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி பொன்னிறமும் அகலப் பட்டையும் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் பொருந்துகின்றன. செவுளுக்குப் பின்னாலிருந்து வால் அடி வரை பட்டைகளை எண்ணுங்கள். நாலைந்து என்றால் ஹிஸ்ட்ரியோனிகா. ஏழைத் தொட்டால் டாரியோ. இரு பக்கங்களிலும் எண்ணுங்கள், ஏனெனில் ஒரே மீனின் இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எண்ணும் நேரமும் முக்கியம். சண்டையிடும்போது இந்த மீன்கள் சாம்பல் பூத்ததுபோல் வெளிறிவிடும். பட்டையே மறைந்து வேறு மீனோ என்று தோன்றும். இரவில் விளக்கைத் திடீரென்று போட்டாலும் அப்படித்தான் இருக்கும். வாங்கி வந்த பையில் கிடக்கும் மீனையும் நம்பக் கூடாது. காலையில் வெளிச்சம் வந்து ஒரு மணி நேரம் கழித்து, இரை போட்டு அமைதியான பிறகு பாருங்கள். ஒவ்வொரு மீனையும் மாதம் ஒருமுறை இடப்பக்கமும் வலப்பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், நாலைந்து மாதத்தில் கோலம் போகும் திசை தானே தெரிந்துவிடும். யோயோவின் பட்டை கிளைத்துக்கொண்டே போகும்; ஹிஸ்ட்ரியோனிகாவின் பட்டை அந்த அளவுக்கு உடையாது.

பெயர் தவறுவதால் உண்மையிலேயே நட்டம் வரும் இடம் ஒன்று இருக்கிறது. நான் அங்கே பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வரிக்குதிரை லோச் என்று நம்பி இரண்டு குஞ்சுகளை வாங்கி வந்தேன். அந்தப் பெயருக்கு உரிய போட்டியா ஸ்ட்ரையாட்டா சாதுவானது, 10 செ.மீ.க்குள் நின்றுவிடுவது, நம் மேற்குத் தொடர்ச்சி மலை மீன். பெங்களூருவில் பணியாற்றிய சி.ஆர். நாராயண ராவ் 1920-இல் கருநாடகத்தின் துங்கா ஆற்றுப் பகுதியிலிருந்து விவரித்தது. நான் வாங்கியவையோ சின்குரோசஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த புலி லோச்சுகள். இரண்டே மாதத்தில் தொட்டியிலிருந்த மீன்களின் வால்கள் எல்லாம் கிழிந்து தொங்கின. இப்போது பார்த்தவுடன் பிரித்துவிடுவேன்: புலி லோச்சின் மூக்கு நீண்டு கூராக இருக்கும், உடல் ஒடுங்கி நீளும், பட்டைகள் பெரும்பாலும் செங்குத்தாக நெருங்கி நிற்கும், வரிக்குதிரை லோச்சின் முகம் மழுங்கியது, மெல்லிய கோடுகள் முகத்திலும் தொடர்ந்து ஓடும். உங்கள் இரண்டு மீன்களின் மூக்கையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். மூக்கு நீண்டு, மற்ற மீன்களைத் துரத்துவதும் இருந்தால் எனக்கு எழுதுங்கள்; அப்போது என் விடை மாறும்.

கோமாளி லோச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செம்மஞ்சள் உடலில் மூன்று கரும்பட்டைகள், முதலாவது கண்ணின் வழியே. அதை வேறொன்றாக யாரும் மயங்குவதில்லை. அது 30 செ.மீ. வரை வளரும் என்பதை மட்டும் வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். சங்கிலி லோச்சுகளில் இரண்டு உண்டு. சித்திமுங்கியில் முதுகுக் கோடும் நடுக்கோடும் குறுக்குப் பட்டைகளால் சங்கிலியாக இணைந்திருக்கும். நைக்ரோலினியாட்டாவின் குஞ்சில் இரு கோடுகளும் தண்டவாளம் போலத் தனித்தனியே ஓடும், வளர்ந்தபின் அதிலும் குறுக்குப் பட்டைகள் தோன்றி இரண்டும் ஒன்றுபோலாகிவிடும். ஆகவே அந்த ஒரு வகையைக் குஞ்சாக இருக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

இனி மாமா கொண்டுவந்த மீன்கள். அவற்றிலும் இரண்டு விதம் தெரிகிறது, ஒன்று மெலிந்து பக்கவாட்டில் கருங்கோடு போட்டது, மற்றது பருத்துப் புள்ளி சிதறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அவை இரண்டு இனம் அல்ல, ஆணும் பெண்ணும். சந்தேகம் இருந்தால் மார்புத் துடுப்பைப் பாருங்கள். முதிர்ந்த ஆண் அயிரையில் அதன் உட்பக்கக் கதிர்கள் இரண்டு, ஏழாவதும் எட்டாவதும், தடித்து ஒன்றுசேர்ந்து தகடு போல் இருக்கும். பெண்ணில் அது இராது. வால் அடியின் மேற்புறத்தில் உள்ள கரும்புள்ளி இருவருக்கும் உண்டு.

கால்வாய் அயிரையோடு மலை லோச்சு எதுவும் வந்திருக்குமோ என்ற உங்கள் ஐயத்துக்கு, சேரன்மகாதேவிச் சமவெளியில் அதற்கு வாய்ப்புக் குறைவு என்பதே விடை. மீசோநீமாகைலஸ் வகை மீன்கள் பாபநாசத்துக்கு மேலே, கல்லும் ஓட்டமும் உள்ள ஓடைகளுக்கு உரியவை. அவற்றில் ட்ரையாங்குலாரிஸ் என்பதற்குக் கறுப்பு விளிம்புடைய சாய்ந்த பட்டைகளும், குந்தெரி என்பதற்குப் பழுப்புப் பின்னலுக்கு நடுவே வரிசை வரிசையாக மஞ்சள் புள்ளிகளும் இருக்கும். நம் ஆற்றின் பெயரையே தாங்கிய தாம்பரபர்ணியென்சிஸ் என்ற இனத்தை ஏ.ஜி.கே. மேனன் 1987-இல் விவரித்தார். இவற்றைத் தேடி யாரும் மலைக்குப் போக வேண்டாம். அந்த ஓடைகளில் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். பிடித்தாலும் பயன் இல்லை. குளிர்ந்த ஓட்டநீருக்குப் பழகிய அவை, சித்திரை மாதத்தில் 30 பாகைக்கு மேல் ஏறும் நம் வீட்டுத் தொட்டி நீரில் மூச்சுக்குத் திணறிவிடும். அயிரைக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்ணீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல்வழியே சுவாசித்துக்கொள்ளும். அடிக்கடி மேலே ஓடி வந்து இறங்குகிறதே என்று நீங்கள் கவலைப்பட்டது அதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. நான்கு யோயோவும் பொன்னிறப் பட்டைகொண்ட இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்தே இருக்கட்டும். எல்லாம் கூட்டமாக வாழ்பவை, ஆனால் இப்போதுள்ள இரண்டடித் தொட்டி அவற்றுக்கு இன்னும் ஓராண்டுகூடத் தாங்காது. குளியையும் அயிரையையும் அங்கிருந்து எடுத்து, இரண்டு அங்குலம் மென்மணல் பரப்பிய வேறு தொட்டியில் விடுங்கள். இரண்டும் மணலில் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் வழக்கம் உடையவை; கூரான சரளைக்கல்லில் அவற்றின் மீசை தேய்ந்துபோகும். குழம்புக்கு ஆகும் மீனைத் தொட்டியில் விட்டு வளர்ப்பதா என்று அம்மா கேட்டால், சந்தையில் ஒரு கால் கிலோ அயிரை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.